சோளிங்கர் மலையில் நோய்ப்பட்ட குரங்கு: தாயும் தங்கையும் மட்டும் கிட்டப் போகின்றன, மற்றவை விலகுகின்றன. ஏன்?

கொண்டபாளையம்_கடை | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். சோளிங்கர் பெரிய மலை அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறேன், பதினோரு வருடமாகிறது. கடைக்கு மேலே உள்ள புளியமரத்தில்தான் ஒரு குரங்குக் கூட்டம் இரவு தங்கும். பார்த்துப் பார்த்துப் பாதிக்கு மேல் முகம் தெரியும் எனக்கு. காது கிழிந்த ஒரு கிழட்டுத் தாய் இருக்கிறது, அதற்கு வளர்ந்த மகள்கள் இரண்டு. மூத்த மகளுக்குப் பத்து நாளாகக் கழிச்சல். வால் அடியெல்லாம் ஈரம், விலா எலும்பு எண்ணலாம் போல ஆகிவிட்டது, மதியம் வெயிலில் சுவரோரம் சுருண்டு கிடக்கிறது.

நான் கேட்க வந்தது இதுதான். முன்பெல்லாம் அதற்கு நாலைந்து குரங்குகள் மாறி மாறிப் பேன் பார்க்கும். இப்போது அது போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் மற்றவை எழுந்து நகர்ந்துவிடுகின்றன. தாயும் தங்கையும் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல மணிக்கணக்காகப் பேன் பார்க்கின்றன. மற்றவற்றுக்கு நோய் என்று தெரிகிறதா? தெரிகிறதென்றால் தாய்க்கு மட்டும் தெரியவில்லையா? இது மொத்தக் கூட்டத்துக்கும் பரவுமா? கார்த்திகை மாதம், ஞாயிறு வெள்ளி இரண்டு நாளும் கூட்டம் தாங்காது, அதனால் எனக்குக் கவலையாக இருக்கிறது. குரங்குகளை எல்லாம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிடலாம் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு ஓடுகிறது.

---

ஓய்வுபெற்ற_ஆய்வாளர்_ராணிப்பேட்டை | ஞாயிறு, இரவு 10:25

தம்பி, முதலில் ஒரு விஷயம். கையால் எதுவும் ஊட்டாதீர்கள், அந்தக் கழிச்சல் பட்ட இடத்தைத் துடைக்க நேர்ந்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் துடையுங்கள், குழந்தைகளைக் கிட்ட விடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வெறிநோய் நாயோடு நிற்பதில்லை.

இப்போது உங்கள் கேள்வி. நீங்கள் பார்த்ததையே வேறொரு நாட்டில் வருடக்கணக்காக உட்கார்ந்து குறித்து வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் காபோன் என்ற நாட்டில் மாண்ட்ரில் என்ற பெரிய குரங்கு உண்டு, மூக்கு சிவப்பும் கன்னம் நீலமுமாக இருக்கும். குடலில் ஒட்டுண்ணி அதிகம் இருக்கும் மாண்ட்ரிலுக்கு மற்றவை பேன் பார்ப்பதைக் குறைத்துக்கொள்கின்றன என்று 2017-ல் எழுதினார்கள். எப்படித் தெரிகிறது என்றால் வாசனைதான். நோயுள்ளதன் சாணத்தைத் தடவிய மூங்கிலை அவை தவிர்த்தன. மருந்து கொடுத்து ஒட்டுண்ணியை இறக்கிய பிறகு அதே குரங்குகளுக்குப் பேன் பார்க்க மற்றவை திரும்பி வந்தன.

ஆனால் 2020-ல் அதே குழு இன்னொன்றைச் சொன்னது. தாய், பிள்ளை, ஒரே வயிற்றில் பிறந்தவை, இந்த நெருங்கிய தாய்வழி உறவு மட்டும் நோய் இருந்தாலும் பேன் பார்ப்பதை நிறுத்துவதில்லை. அதனால் உங்கள் கிழட்டுத் தாய்க்குத் தெரியாமல் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. தெரிந்தே உட்கார்ந்திருக்கிறது.

---

ஜவ்வாதுமலை_ஆட்டுக்காரர்_மகன் | ஞாயிறு, இரவு 11:02

சார் சொன்னதைப் படித்ததும் எங்கள் வீட்டுப் பட்டி நினைவுக்கு வந்தது. ஆட்டுக்கொல்லி நோய் வந்த வருடம் நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். மூக்கு ஒழுகி, வாய் புண்ணாகி, கழிச்சல் வந்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. எந்த ஆடு முதலில் விழுந்தது, அடுத்து எது என்று அம்மா சொல்லிக்கொண்டே வருவார். பட்டியில் பக்கத்தில் கட்டியிருந்தது என்ற கணக்கு இல்லை அது. எந்தத் தாயோடு எந்தக் குட்டி மேயப் போகும், எது எதோடு ஒட்டிப் படுக்கும் என்ற கணக்கு. பெரும்பாலும் அந்த வழியில்தான் போனது. மருத்துவர் வந்து கேட்டபோது அம்மா சொன்ன அந்த உறவுமுறைப் பட்டியலை யாரும் எழுதிக்கொள்ளவில்லை, எத்தனை ஆடு என்ற எண்ணிக்கையை மட்டும் எழுதினார்கள். அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

காட்டு விலங்குகளிலும் இப்படி உறவு வழியாகவே நோய் போகுமா, இல்லை கூட்டம் பெரிதாக இருந்தால் தானாகவே எல்லாவற்றுக்கும் வருமா?

---

காட்பாடி_விலங்கியல் | திங்கள், காலை 6:50

அண்ணா, உங்கள் அம்மா சொன்னதைத்தான் இப்போது ஆராய்ச்சியில் தொடர்பு வலை என்று வரைகிறார்கள். ஒவ்வொரு விலங்கும் ஒரு புள்ளி, யாரோடு யார் தொடுகிறார்கள் என்பது கோடு. நூறு விலங்கு இருந்தாலும் நோய் கோடு வழியாகத்தான் போக முடியும், அதனால் எண்ணிக்கையைவிடக் கோடு எப்படி ஓடுகிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. நான் முதுகலையில் இதையே எடுத்திருப்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரத்தம் குடிக்கும் வவ்வால் தென் அமெரிக்காவிலும் நடு அமெரிக்காவிலும் உண்டு. பெலீஸ் நாட்டில் ஒரு மரப்பொந்திலிருந்து 31 பெண் வவ்வால்களைப் பிடித்தார்கள். பாதிக்கு, உடம்பு சில மணி நேரம் காய்ச்சல் கண்டதுபோலச் சோர்ந்து போகும் ஒரு பொருளை ஊசியாகப் போட்டார்கள், மீதிக்கு வெறும் உப்புநீர். முதுகில் சின்னக் கருவி ஒட்டித் திரும்ப விட்டார்கள். சோர்ந்துபோனவை சந்தித்த வவ்வால்களின் எண்ணிக்கை குறைந்தது, சேர்ந்திருந்த நேரமும் குறைந்தது. யாரும் அவற்றைத் துரத்தவில்லை, உடம்பு முடியாமல் அவையே ஒதுங்கின. இது 2020-ல் வந்தது. அதே ஆராய்ச்சியாளர்கள் கூண்டில் வைத்துப் பார்த்தபோது, நோய்ப்பட்டதற்கு மற்றவை நீவிவிடுவது குறைந்தாலும், தாயும் பிள்ளையும் ஒன்றையொன்று நீவிவிடுவது அவ்வளவாகக் குறையவில்லை. சோளிங்கர் புளியமரத்தில் நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. தென்னாப்பிரிக்காவில் கலஹாரிப் பாலைவனத்தில் மீர்கட் என்று நம் கீரிக்கு உறவான ஒரு பிராணி, கூட்டமாக வளையில் வாழும். அவற்றுக்குக் காசநோய் வரும். பேன் பார்த்துக்கொள்வதில்தான் பரவுகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் என்ன நினைப்போம்? நிறையப் பேர் வந்து பேன் பார்க்கும் ஆளுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று. அது தலைகீழாக இருந்தது. யார் மற்றவர்களுக்கு அதிகம் பேன் பார்த்தார்களோ அவர்களுக்குத்தான் நோய் அதிகம் வந்தது. சேவை செய்கிற பக்கம்தான் ஆபத்து.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் டாஸ்மேனியன் டெவில் என்ற பிராணிக்கு 1996-ல் முகத்தில் கட்டி வரும் ஒரு புற்றுநோய் தென்பட்டது. புற்று அணுக்களே கடி வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகின்றன, அப்படி ஒரு நோய் உலகத்தில் மிக அரிது. அங்கும் கடி வாங்கியதைவிடக் கடித்ததுக்குத்தான் அதிகம் வருகிறது என்று தெரிந்தது, ஏனென்றால் அடுத்ததன் கட்டியிலேயே பல்லைப் பதிக்கிறது. அன்பாகத் தொட்டாலும் கோபத்தில் தொட்டாலும், போய்த் தொடுகிற பக்கத்தில் ஆபத்து கூடிவிடுகிறது.

அதனால் ஐயா, உங்கள் கூட்டத்தில் நான் நோய்ப்பட்ட மகளைவிட அந்தத் தங்கையைத்தான் கவனிப்பேன். தங்கை வேறு யாருக்கெல்லாம் பேன் பார்க்கிறது என்று இரண்டு நாள் குறித்துத் தர முடியுமா?

---

பேர்ணாம்பட்டு_மல்லாட்டை | திங்கள், காலை 9:15

எல்லாம் படித்தேன், நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் எங்கள் பக்கத்துக் கஷ்டத்தையும் கேளுங்கள். ஆந்திரா கவுண்டின்யா காட்டுப் பக்கமிருந்து யானை வந்தால் ஒரு இரவில் வாழை போய்விடும், பன்றி வந்தால் மல்லாட்டை போய்விடும், மிச்சம் இருப்பதைப் பகலில் குரங்கு பிடுங்கிப் போடும். போன வருடம் ஒன்றே கால் ஏக்கர் மல்லாட்டையில் விதைக்குக்கூட மிஞ்சவில்லை. இதில் நோய் வேறு என்றால் யாருக்குப் பொறுமை இருக்கும்? கூண்டு வைத்துப் பிடித்து, தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டால் ஊருக்கும் நல்லது, குரங்குக்கும் நல்லதுதானே. நோய் கூட்டத்தில்தான் பரவுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் கூட்டத்தைக் கலைத்துவிடுவதுதான் மருந்து.

---

காட்பாடி_விலங்கியல் | திங்கள், மதியம் 1:30

அண்ணா, உங்கள் நஷ்டம் சின்ன விஷயம் என்று நான் சொல்லவே மாட்டேன். என் தாத்தாவும் கே.வி.குப்பம் பக்கம் மல்லாட்டை போட்டவர்தான். ஆனால் கூட்டத்தைக் கலைத்தால் நோய் நிற்கும் என்பது சரியாகத் தோன்றுகிற ஒன்று, அதை ஒரு நாடே செய்து பார்த்துவிட்டது. அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

பிரிட்டனில் பேட்ஜர் என்று ஒரு பிராணி, மண்ணில் வளை தோண்டிக் குடும்பமாக வாழும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் எல்லை உண்டு, எல்லையில் கழிவு போட்டு அடையாளம் வைக்கும், அடுத்த குடும்பத்து எல்லைக்குள் அதிகம் போகாது. இவற்றுக்கு மாட்டுக் காசநோய் வரும், மாட்டுக்கும் இவற்றுக்கும் மாறி மாறிப் பரவும். பேட்ஜரைக் கொன்றால் மாட்டுக்கு நோய் குறையும் என்று 1998-ல் பெரிய சோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். சில இடங்களில் பரவலாகக் கொன்றார்கள், சில இடங்களில் மாட்டுக்கு நோய் வந்த பண்ணையைச் சுற்றி மட்டும் கொன்றார்கள், சில இடங்களில் ஒன்றும் செய்யாமல் விட்டார்கள்.

பண்ணையைச் சுற்றி மட்டும் கொன்ற இடங்களில் மாட்டுக் காசநோய் குறைவதற்குப் பதில் கூடியது. 2003-ல் அந்த முறையையே நிறுத்திவிட்டார்கள். பரவலாகக் கொன்ற இடத்துக்கு உள்ளே நோய் குறைந்தது என்பதும் உண்மை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே ஒட்டியிருந்த நிலங்களில் கூடியது. காரணம் என்னவென்றால், குடும்பத்தில் பாதி போனதும் மிச்சமிருந்தவை எல்லையை மதிக்கவில்லை. துணை தேடியும் இடம் தேடியும் தூரம் தூரமாக அலைந்தன, முன்பு பார்த்தே இராத குடும்பங்களோடு கலந்தன. ஒரு வளைக்குள் சுற்றிக்கொண்டிருந்த நோய் ஊரைச் சுற்றத் தொடங்கியது.

நம் நாட்டுக் குரங்கில் பெண் பிறந்த கூட்டத்திலேயே கடைசி வரை இருக்கும், ஆண்தான் வளர்ந்ததும் வெளியேறும். ஆக ஒரு கூட்டம் என்பது பாட்டி, மகள், பேத்தி என்று ஓடுகிற தாய்வழிக் குடும்பம். கூண்டில் மாட்டுவது யார் யார் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பாட்டி போய்ப் பேத்தி மிஞ்சும். புது இடத்தில் விட்டவை அங்கே ஏற்கெனவே இருக்கும் கூட்டத்தோடு சண்டை போடும், கடிபடும், நோயோடு போயிருந்தால் நோயும் சேர்ந்து இறங்கும். இங்கே காலியான இடத்துக்கு வெளிக் கூட்டம் வரும். மருந்து என்று நினைத்து வலையின் கோடுகளை நாமே கூட்டிவிடுவோம்.

---

பேர்ணாம்பட்டு_மல்லாட்டை | திங்கள், மாலை 4:10

சரி, பேட்ஜர் கதை எனக்குத் தெரியாது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிடிக்காமல் என்ன செய்வது என்பதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

---

ஆம்பூர்_உயிரியல்_ஆசிரியை | திங்கள், மாலை 6:20

அண்ணாவின் கேள்விக்கு வருகிறேன், அதற்கு முன் ஒன்று. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கும், அப்படியானால் புலிபோலத் தனியாக வாழ்வதுதானே நல்லது, ஏன் கூட்டமாக இருக்க வேண்டும் என்று.

கூட்டத்துக்கு விலை உண்டு, அது உண்மை. காங்கோவின் காடுகளில் 2002, 2003 வாக்கில் எபோலா வந்தபோது கொரில்லாக்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. அப்போது குடும்பமாக இருந்தவற்றைவிடத் தனியாகத் திரிந்த ஆண்கள் அதிகம் தப்பின. சிங்கமும் அப்படியே. தாய், மகள், அக்கா, தங்கை என்று பெண் சிங்கங்கள் சேர்ந்து வாழ்வதும் ஒரே இரையில் வாய் வைப்பதும் நமக்குத் தெரியும். 1994-ல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் நாய்களுக்கு வரும் டிஸ்டம்பர் நோய் சிங்கத்துக்குப் போய், மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்கள் செத்தன. சுற்றுப்புற ஊர் நாய்களில் இருந்த கிருமி அது. நம் குஜராத்தில் கிர் காட்டில் 2018 செப்டம்பரில் தொடங்கிச் சில வாரங்களில் 23 சிங்கங்கள் செத்தன, அதிலும் இந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலும் ஒரே வனச்சரகத்துச் சிங்கங்கள்.

ஆனால் ஓநாயைப் பாருங்கள். அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்காவின் ஓநாய்களுக்குச் சொறி வந்தது. முடி கொட்டிப்போன ஓநாய் பனியில் உடம்புச் சூட்டை இழக்கும், வேட்டைக்குப் போக முடியாது, தனியாக இருந்தால் செத்துவிடும். நோயில்லாத உறவுகள் நிறைய இருக்கும் கூட்டத்தில் சொறி பிடித்த ஓநாய் அதிகம் பிழைத்தது, மற்றவை வேட்டையாடியதை அதுவும் தின்றது. நோயைக் கொண்டுவந்ததும் கூட்டம்தான், நோயாளியைக் காப்பாற்றியதும் கூட்டம்தான். பிள்ளைகளிடம் நான் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

இப்போது என்ன செய்யலாம் என்பது. அமெரிக்காவில் வீட்டுத் தோட்டங்களில் தீனிக் கூண்டு தொங்கவிடுவார்கள். அங்கு வரும் ஒரு சிட்டுவகைக்கு 1994-ல் கண் வீங்கும் நோய் வந்தது, தீனிக் கூண்டிலேயே அதிக நேரம் இருக்கும் பறவைதான் நோயை அதிகம் பரப்பியது. நம் மலை அடிவாரத்தில் தேங்காய் மூடி, வாழைப்பழத் தோல், பொரிப் பை குவிந்து கிடக்கும் இடம்தான் நமது தீனிக் கூண்டு. காட்டில் இரண்டு கூட்டங்கள் பார்த்துக்கொள்ளாமலே நாள் கழிக்கலாம். குப்பை மேட்டில் தினமும் முட்டிக்கொள்ளும். குப்பையை மூடுவதும், பழம் கொடுக்காமல் இருப்பதும், தெருநாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும் குரங்கைக் கூண்டு வைத்துப் பிடிப்பதைவிட அதிகம் உதவும். பயிருக்கு இது முழுப் பதில் இல்லை, அது எனக்குத் தெரியும் அண்ணா.

---

ஓய்வுபெற்ற_ஆய்வாளர்_ராணிப்பேட்டை | திங்கள், இரவு 8:45

ஆசிரியை அம்மா தடுப்பூசியைச் சொன்னதால் எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932-ல் தொடங்கியது, மாட்டு வெக்கை நோய்க்கு மருந்து செய்யத்தான். வெக்கை வந்தால் ஒரு ஊரின் மாடு முழுக்கப் போகும், என் அப்பா காலத்தில் தெருவே நாறும் என்பார். உலகம் முழுக்க மாட்டுக்கு ஊசி போட்டுப் போட்டு 2011-ல் அந்த நோயே இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் பூமியிலிருந்து துடைத்த நோய் அது ஒன்றுதான்.

இதில் காட்டு விலங்கு எங்கே வருகிறது? அதே செரெங்கெட்டியில் வைல்டபீஸ்ட் என்ற மாடு போன்ற மான் கூட்டம் கூட்டமாக வாழும். மாட்டிலிருந்து வெக்கை அவற்றுக்கும் போகும். ஆனால் பிறந்த கன்று சாகாது. தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி சில மாதம் காக்கும். அது தீர்ந்ததும், ஒரு வயதை எட்டும் நேரத்தில் கன்றுகள் சாகும். அதனால் அங்கே அதை ஒரு வயதுக் கன்று நோய் என்றே சொன்னார்கள். சுற்றியிருந்த மாடுகளுக்கு ஊசி போட்டதும் காட்டில் நோய் தானாக மறைந்தது. 1960-களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சம் இருந்த வைல்டபீஸ்ட் 1970-களின் கடைசியில் பதின்மூன்று லட்சம் ஆனது. காட்டில் ஒரு மிருகத்துக்குக்கூட ஊசி போடவில்லை.

தாயிடமிருந்து பிள்ளைக்கு நோய் மட்டும் போவதில்லை, காவலும் போகிறது. ஆனை விஷயத்திலும் ஒன்று உண்டு. ஆனைகளுக்கு ஒரு ஹெர்ப்பிஸ் கிருமி இருக்கிறது, பெரிய ஆனைகள் அதைச் சுமந்துகொண்டு நன்றாகவே இருக்கும், தும்பிக்கை நீரில் வெளியேறும். பால்குடி வயதில் தாயின் பாதுகாப்பு இருக்கும். அது குறையும் வயதில், அதாவது ஒன்று இரண்டு வயதிலிருந்து எட்டு வயதுக்குள், குட்டிக்கு வந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். தும்பிக்கையை அம்மா வாயில் வைத்துத் தின்று பழகும் குட்டியை அம்மாவிடமிருந்து பிரிக்கவா முடியும்?

---

ஜவ்வாதுமலை_ஆட்டுக்காரர்_மகன் | திங்கள், இரவு 9:30

சார், இந்தச் செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சீம்பால் குடிக்காத குட்டி தேறாது என்று அவர் எப்போதும் சொல்வார். மருத்துவர் எழுதிக்கொள்ளாத பட்டியலை நான் இப்போது நோட்டில் எழுதி வைக்கப்போகிறேன், எந்த ஆடு எதன் குட்டி என்று. அவருக்கு எழுபது வயதாகிறது, மனதில் இருப்பதை எல்லாம் இனியாவது எழுதிவிட வேண்டும்.

---

கொண்டபாளையம்_கடை | வியாழன், இரவு 10:05

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் பார்த்தேன், கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன்.

தங்கை அக்காவைத் தவிர இன்னும் இரண்டு குரங்குக்குத்தான் பேன் பார்த்தது. ஒன்று அதன் தாய். இன்னொன்று மூன்று மாதக் குட்டி வைத்திருக்கும் ஒரு பெண், அதற்கும் கிழட்டுத் தாய்க்கும் என்ன உறவு என்று எனக்குப் பிடிபடவில்லை. நேற்றுக் காலை தங்கைக்கும் கழிச்சல். காட்பாடிப் பெண் சொன்னது சரியாக இருந்ததில் எனக்குச் சந்தோஷமில்லை. குட்டிக்காரி இதுவரை நன்றாக இருக்கிறது.

வனத்துறையில் ஒருவரிடம் பேசினேன், பிடித்து விடும் பேச்சு இப்போதைக்கு இல்லை, கால்நடை மருத்துவரோடு வந்து சாணம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் வரிசையில் ஒன்பது கடை. ஏழு கடைக்காரர்கள் தேங்காய் மூடியையும் பழத்தோலையும் மூடி போட்ட டிரம்மில் போட ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் பக்தர்கள் கேட்டால் என்ன சொல்வது என்கிறார்கள், அவர்களிடம் நாளைக்கு மறுபடி பேசுவேன்.

மூத்த மகள் இன்று சாயந்திரம் புளியமரத்தில் தானாக ஏறியது. மூன்றாவது கிளை வரைக்கும்தான். தாய் கீழேயே நின்று பார்த்துவிட்டு அப்புறம் ஏறியது. மற்றவை இன்னும் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கின்றன.

காட்பாடி அம்மா, நீங்கள் நேரில் வந்து பார்க்க விரும்பினால் ஞாயிறும் வெள்ளியும் வேண்டாம், கூட்டத்தில் குரங்குகள் மிரண்டு மேலே போய்விடும். செவ்வாய் காலை ஏழு மணிக்குள் வாருங்கள். அவை மரத்தைவிட்டு இறங்கும் நேரம் அது.